அத்தைக்கு, உங்க பேரனோட வலிப்பு மருந்த குறைக்கறத பத்தி

அத்தை,

நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்குடி மருந்த நிறுத்தறன்னு ஒவ்வொரு தடவை போன் பண்றப்பவும் கேக்கறீங்க. போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் குரல் ஒசந்துடுது, அதான் எழுதறேன், கண்ணாடிய போட்டுகிட்டு மெதுவா படிங்க.

எல்லா மருந்தையும் நிறுத்தல. எபிலிம் சிரப் அப்படியே ஓடும், குளோபசாம் மாத்திரைய மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறோம். ஃபிட்ஸ் இல்லாம ரெண்டு வருஷம் போல போனாதான் டாக்டருங்க இத பத்தியே பேசுவாங்க, இவன் அத தாண்டிட்டான். அதுக்காக குணமாயிட்டான்னு யாரும் சொல்லல. சிபி, அதான் செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராத நிலை, அது இருக்கற புள்ளைங்களுக்கு ஃபிட்ஸ் திரும்பி வர்ற வாய்ப்பு மத்த புள்ளைங்கள விட ஜாஸ்தி, வந்தாலும் அனேகமா மொத வருஷத்துலயே வந்துடுமாம். இங்க சிங்கப்பூர் கேகே ஆஸ்பத்திரில டாக்டர் இத மூடி மறைக்காம சொன்னாங்க, தெரிஞ்சுதான் நானும் உங்க புள்ளையும் சரின்னோம்.

ஏன்னா பொங்கலுக்கு வந்தப்ப நீங்களே பாத்தீங்க. மதியம் சோறு ஊட்டறப்பவே தலை சாயும், வாய்ல ஊத்துற எச்சிலுக்கு நீங்கதான் துண்டு மாத்தி மாத்தி அலுத்துப் போனீங்க. அது சிபியால மட்டும் இல்ல அத்தை, அந்த மாத்திரைக்கும் தூக்கம், எச்சில் ரெண்டும் சைட் எஃபெக்ட். இப்ப பாதி தூரம் குறைச்சிருக்கோம், லிஃப்டுக்குள்ள வீல்சேர தள்ளினதும் இவனா கைய நீட்டி பட்டன அமுக்கறான், பெரும்பாலும் நம்ம மாடி இல்ல, ஏதோ ஒரு மாடி, கூட வர்ற சீன பாட்டி ஒருத்தவங்க சிரிச்சுகிட்டே நம்ம நம்பர அமுக்கி விடுவாங்க. எனக்கு இது பெரிய விஷயம்.

கஷ்டமும் இருக்கு, மறைக்கல. டோஸ் குறைக்கற ஒவ்வொரு வாட்டியும் சில நாள் தூக்கம் போயிடும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு வீறிட்டு அழுவான். வாய் தொறந்து சொல்ல முடியாத புள்ள, வயித்து வலியா, மருந்து குறைஞ்ச தவிப்பா, ஃபிட்ஸா, எதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். டாக்டர் ஒரு வழி சொல்லி குடுத்தாங்க: கைய மெதுவா புடிங்க, வெறும் நடுக்கம்னா அடங்கும், ஃபிட்ஸ்னா நம்ம கைக்குள்ளயும் வெட்டிகிட்டே இருக்கும். கண்ணு ஒரு பக்கமா போய் நின்னுச்சா, பேர சொல்லி கூப்ட்டா திரும்பறானா, அதையும் பாக்கணும். சந்தேகமா இருந்தா போன்ல வீடியோ எடுத்துருவேன், நாம வாயால வெவரிக்கறத விட அவங்களுக்கு அது போதும். ரொம்ப முடியலன்னா அதே டோஸ்ல கொஞ்ச நாள் நிப்பாட்டி வைக்க சொல்வாங்க. அவசரம் இல்ல. ஆனா பட்டுனு நிறுத்தினாதான் ஆபத்து, நிக்காத ஃபிட்ஸ்ல கொண்டு போய் விட்டுடும், அதனால வாந்தி எடுத்தாலோ மாத்திரை தீந்து போனாலோ தானா சரியாகும்னு விடக்கூடாது, ஒடனே கேக்கணும்.

ஜூன் லீவுக்கு நீங்க வர்றீங்க, அடுத்த குறைப்பையும் அப்பதான் வச்சிருக்கோம், ஸ்கூல் பஸ் டென்ஷன் இல்ல பாருங்க. நான் வேலைக்கு போற நேரத்துல ஃபிட்ஸ் வந்தா மொதல்ல மணிய பாருங்க. ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாய்ல ஸ்பூன், விரல், தண்ணி எதுவும் வேணாம். கைல இரும்பு சாவி குடுக்கறது ஊர்ல வழக்கம்தான், ஆனா சாவி தேடற நேரத்துல மணி ஓடிடும் அத்தை. அஞ்சு நிமிஷம் தாண்டினா டிவி பக்கத்துல செவப்பு பையில டயாசெபாம் டியூப் இருக்கு, ஆசனவாய்ல வைக்கறது, வந்த அன்னிக்கே சொல்லித் தர்றேன். அப்புறம் ஆம்புலன்ஸுக்கு 995. தமிழ்லயே பேசிகிட்டு நிக்காதீங்க, "ஃபிட்ஸ்"னு சொல்லி பிளாக் நம்பரும் வீட்டு நம்பரும் சொன்னா போதும், ரெண்டையும் கதவு பின்னாடி பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்.

வைத்தீஸ்வரன் கோயில் விபூதி கண்டிப்பா எடுத்துட்டு வாங்க, நெத்தில தாராளமா வைங்க, வாய்ல மட்டும் போடாதீங்க, புரையேறிடும். காய்ச்சலும் தூக்கம் கெடறதும் ஃபிட்ஸ இழுத்துட்டு வரும், அதனால ராத்திரி எட்டரைக்கு மேல சீரியல் சத்தம் வேணாம். இதுக்கு நீங்க கோச்சுக்குவீங்கன்னு தெரியும், ஹெட்போன் வாங்கி வச்சிருக்கேன்.