பாட்டுக்கு முன்னால் வரும் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில், ஒன்பதாவது மைல் புல்வெளியில் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் இன்னும் வெளிவராத ஒரு பாட்டு காற்றில் மிதந்து வரும். வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு. வெளியீட்டுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது, ஆல்பத்தின் ஆறு பாட்டும் ஒரே ஜிப் கோப்பாக யாரோ ஒருவர் மூலம் வந்து சேரும்.

அதைத் திறந்து கேட்கத் துடிக்கும் ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தத் துடிப்பு இல்லாதவர் ரசிகரே இல்லை. ஆனால் அப்படிக் கேட்பதால் முதலில் நட்டப்படுவது அந்த ரசிகர்தான். இசையமைப்பாளரின் நட்டம், கம்பெனியின் நட்டம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கேட்பவரின் காதுக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் விளக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படப்பிடிப்பில் கேட்பதிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பாட்டை ஒலிக்கவிடும் கருவியை சினிமாக்காரர்கள் இன்றும் 'நாகரா' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்ற போலந்துக்காரர் சுவிட்சர்லாந்தில் 1951-ல் உருவாக்கிய டேப் ரிக்கார்டரின் பெயர் அது. டேப் போய் லேப்டாப் வந்த பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதில் ஓடுவது ஆடுபவர்களுக்காகவும் வாயசைப்பவர்களுக்காகவும் தயாரித்த பிரதி. தொடக்கத்தில் எண்ணிக்கைக்கான 'டிக் டிக்' இருக்கும். பெரும்பாலும் மோனோ, அதாவது இரு காதிலும் ஒரே ஒலி. சில சமயம் ஒரு பக்கத்தில் பாட்டும் மறுபக்கத்தில் படத்தொகுப்பில் படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் டைம்கோடு என்ற நேரக் குறிப்பொலியும் இருக்கும். அந்தக் கோப்பு வெளியே வந்தால் ஒரு காதில் கிறீச்சென்ற இரைச்சல்தான் கேட்கும்.

வேகத்தையும் நம்ப முடியாது. மெதுவாக நகரும் காட்சிக்கு கேமராவை நொடிக்கு 48 ஃபிரேம் வேகத்தில் ஓட்டி, திரையில் 24-ல் காட்டுவார்கள். அப்போது உதடு பாட்டோடு ஒட்ட வேண்டுமானால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். 36 ஃபிரேம் என்றால் ஒன்றரை மடங்கு. டேப்பில் இரண்டு மடங்கு ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். இப்போதைய மென்பொருளில் சுருதியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் கூட்டலாம். "என்ன இது, இவ்வளவு வேகமான குத்துப்பாட்டா?" என்று புல்வெளியில் நின்று கேட்டவர் முடிவு கட்டியது, வெளிவரும்போது தாலாட்டு மாதிரி மெல்லிய மெட்டாக இருக்கலாம்.

அங்கே கேட்கும் குரலும் கடைசியில் பாடப்போகும் பாடகருடையதாக இருக்க வேண்டியதில்லை. நம் திரையிசையில் 'ட்ராக் பாடுவது' என்ற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெட்டு முடிந்ததும் ஒருவரைப் பாடவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு முதன்மைப் பாடகர் வந்து அதைக் கேட்டுத் தன் குரலில் பாடிக்கொடுப்பார். இரண்டாம் சரணத்துக்கு வரி வராவிட்டால் அந்த இடத்தில் வெறும் தத்தகாரம் நிற்கும். இடையிசையில் வயலின் வரிசை கேட்கிறதே, அது கீபோர்டில் வாசித்துப் போட்ட தற்காலிக ஒலியாக இருக்கலாம். உண்மையான வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பது பிறகு நடக்கும். ஆக, கசிந்ததைக் கேட்டுவிட்டு "வயலினில் உயிரே இல்லை" என்று எழுதுபவர், வாசிக்கப்படாத வயலினைப் பற்றி எழுதுகிறார்.

சரி, ஜிப் கோப்பாக வரும் முழு ஆல்பம்? பல சமயம் அது 'ரஃப் மிக்ஸ்'. இயக்குநர் காரில் கேட்டு ஒப்புதல் சொல்வதற்காக அவசரமாகச் சேர்த்துக்கொடுத்தது. வரி தெளிவாகக் கேட்கட்டும் என்று குரலை முன்னால் தள்ளி, அசத்தலாக இருக்கட்டும் என்று மொத்த ஒலியையும் லிமிட்டரில் (உச்ச ஒலியை அமுக்கி மொத்தச் சத்தத்தைக் கூட்டும் கருவி) போட்டு நெருக்கியிருப்பார்கள். தவிலும் குரலும் ஒன்றையொன்று மறைக்காமல் இடம் பிரிப்பது, ஒவ்வொரு சொல்லுக்கும் குரலின் அளவை ஏற்றி இறக்குவது, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது ஒலி மெல்ல விரிவது எல்லாம் ஃபைனல் மிக்ஸில் நடப்பவை. அதற்கும் பிறகுதான் மாஸ்டரிங்: ஆறு பாட்டின் உரப்பும் (சத்தத்தின் அளவு) நிறமும் ஒன்றோடொன்று பொருந்துவது, ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை நொடி மௌனம் என்பது கூட அங்கேதான் முடிவாகும்.

காதுக்கு நேரும் கேடு இங்கேதான். ரஃப் மிக்ஸை இருபது முறை கேட்டுவிட்டால், அதுதான் 'சரியான' பாட்டு என்று காது பிடித்துக்கொள்ளும். பிறகு முழுமையான பாட்டு வரும்போது அதில் இருப்பதெல்லாம் பிழை மாதிரித் தோன்றும். குரல் ஏன் பின்னால் போய்விட்டது? அந்த டிரம் ஏன் மாறிவிட்டது? ஸ்டுடியோவில் இதற்கு டெமோஐட்டிஸ் என்று ஒரு பெயரே உண்டு. இசையமைப்பாளர்களே தங்கள் டெமோவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இறுதி வடிவத்தை ஏற்க முடியாமல் தவிப்பார்கள். அவர்களுக்காவது திரும்பிப்போய் மாற்ற வழி இருக்கிறது. ரசிகருக்கு முதல்முறை கேட்பது ஒரே ஒருமுறைதான்.

"லீக்கான பாட்டுதான் கெத்தாக இருந்தது, ரிலீஸ் ஆனது சப்பென்று இருக்கிறது" என்ற பேச்சு எந்த ஆல்பத்துக்கும் வருகிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது உரப்பு. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடும். நெருக்கிப் பிழிந்த ரஃப் மிக்ஸ் மைனஸ் 8-ல் இருந்தால், கைப்பேசியின் சாதாரண பிளேயர் அதை அப்படியே ஒலிக்கவிடும். 6 டெசிபல் வித்தியாசம்! ஒரு டெசிபல் கூடினாலே காது அதை "சத்தம் கூடியிருக்கிறது" என்று உணராது, "நன்றாயிருக்கிறது" என்றே உணரும். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் செயலியில் இப்படிச் சமப்படுத்தும் வால்யூம் நார்மலைசேஷனை அணைத்துவிட்டு, குரல் மட்டும் வரும் ஓர் இடத்தில் இரண்டின் ஒலியளவையும் கையால் சமப்படுத்திய பிறகே கேட்க வேண்டும்.

இரண்டாவது, நம் மலைக்கே உரிய தொல்லை. பள்ளத்தாக்கு ஊர்களிலும் எஸ்டேட் லைன்களிலும் சிக்னல் வரும், போகும். செயலியில் ஒலித்தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், சிக்னல் குறையும்போது தரத்தையும் சத்தமில்லாமல் இறக்கிவிடும். ஸ்பாட்டிஃபையில் மிகக் குறைந்த தரம் நொடிக்கு சுமார் 24 கிலோபிட், அடுத்தது 96, பிறகு 160, அதற்கு மேல் 320. புதுப்பாட்டை 24-ல் கேட்டுவிட்டு, கையிலிருக்கும் 128 கிலோபிட் எம்.பி.3-யோடு ஒப்பிட்டால் கசிந்த பாட்டுதான் ஜெயிக்கும். குற்றம் பாட்டினுடையதல்ல, பிளாக் தண்டர் நீர்ப்பூங்கா மாதிரிச் சறுக்கும் நம் சிக்னலினுடையது.

அந்த 128 கிலோபிட் என்பது என்ன என்றும் பார்த்துவிடலாம். சி.டி.யில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு பக்கம்: நொடிக்கு 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 53 எம்.பி. வரும். 128-ல் அதுவே 5 எம்.பி.க்குள் அடங்கும், பதினோரு பங்கில் ஒரு பங்கு. எது போகிறது? 16, 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டப்படும். ஜால்ராவும் சலங்கையும் 'சளசள'வென்று ஈரத் துணியை உதறுவது போலாகும். இன்னும் கூர்ந்து கேட்டால் கடம், தவில் போன்றவற்றின் அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மங்கலான ஒரு 'ஃப்' கேட்கும். எம்.பி.3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 26 மில்லிவிநாடித் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. துண்டின் நடுவில் அடி விழுந்தால், சுருக்கியதால் வந்த இரைச்சல் அடிக்கு முன்னாலும் பரவிவிடும். இதை ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

கோப்பின் பெயரில் '320' என்று இருந்தால் நம்ப வேண்டாம். 128-ஐ மீண்டும் 320 ஆக்கினால் எடை கூடும், போனது திரும்பாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ட்ராக்கின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பட்டியலில் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் 'ஸ்பெக்ட்ரோகிராம்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அரிந்தது போல நேர்கோடாக நின்றால் அது சுருக்கியதை ஊதிப் பெருக்கியது. உண்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும். 15-ல் நின்றுவிட்டு 19-ல் மட்டும் ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது எஃப்.எம். வானொலியிலிருந்து பிடித்தது, அந்தக் கோடு ஸ்டீரியோவுக்கான பைலட் ஒலி.

சுருதியையும் பாருங்கள். தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனையில் பிடிபடாமலிருக்கப் பாட்டை அரைக் கட்டை ஏற்றிப் பதிவேற்றுவது வழக்கம். டேப் போல வேகத்தோடு சேர்த்து ஏற்றியிருந்தால் சுமார் 6 சதவீதம் கூடும். நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 46 நொடியில் முடிந்துவிடும். அந்தச் சுருதியில் பாடிப் பழகிய பிள்ளைகள், பள்ளி ஆண்டு விழாவில் சரியான கரோக்கியோடு சேரும்போது திணறுகிறார்கள்.

"படத்துக்கு முன்னாலேயே பாட்டு கேட்பது நம் பழக்கம்தானே" என்று கேட்பார்கள். ஆமாம். கேசட் காலத்திலிருந்தே படத்துக்கு முன் பாட்டு வந்துவிடும். அது முடிந்த பாட்டு. உறை பிரித்துக் கேட்டோம். இப்போதைய சிக்கல், முடியாத பாட்டு முடிந்த பாட்டுக்கு முன்னால் வருவது. 2000-ல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் இசைக்குழு, இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டதற்கு முதல் பொறியே, அவர்களின் முடிக்கப்படாத ஒரு டெமோ வானொலியில் ஒலிபரப்பானதுதான்.

இதெல்லாம் பெரிய படங்களின் கதை என்று விட்டுவிடலாம், நம் ஊர்ப் பாட்டுகள் மட்டும் இல்லாதிருந்தால். டிசம்பர், ஜனவரியில் வரும் ஹெத்தையம்மன் பண்டிகையை ஒட்டி வெளிவரும் படுகப் பாட்டுகளுக்குப் பின்னால் தயாரிப்பு நிறுவனமோ விளம்பரச் செலவோ கிடையாது. பாடுபவரும் நண்பர்களும் கைக்காசைப் போட்டு ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டி எடுப்பவை. வெளியீட்டு நாளின் முதல் சில மணி நேரக் கேட்பைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அது முன்கூட்டியே குழுக்களில் சுற்றிவிட்டால் அந்த நாள் வெறுமையாகப் போய்விடும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு: கசிந்த கோப்பை வேறொருவர் தன் பெயரில், செயலிகளுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தரிடம் பதிந்துவிட்டால், பாடியவரின் சொந்தப் பதிவேற்றத்துக்கே யூடியூபில் உரிமைக்கோரல் வந்து நிற்கும்.

ஆகவே பாட்டு எடுக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்புதலுக்கு அனுப்பும் பிரதியில் முப்பது நொடிக்கு ஒருமுறை 'மாதிரிப் பிரதி' என்று குரல் போடுங்கள். ஆளுக்கு ஒரு தனிப் பிரதி கொடுங்கள். ஒருவருக்கு அனுப்புவதில் தொடக்க மௌனத்தை 0.3 நொடி, இன்னொருவருக்கு 0.7 நொடி என்று மாற்றிவைத்து, யாருக்கு எது என்று குறித்துக்கொண்டால் எங்கிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். நடனம் பயிற்சி செய்பவர்களுக்கு எண்ணிக்கைக் குரல் கலந்த மோனோ போதும். பாட்டின் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை வாங்கி, வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விநியோகஸ்தரிடம் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை என்று வழக்கமாகிவிட்டதால், பண்டிகைக்கு முந்தைய வெள்ளியைக் குறிவைப்பது நல்லது.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில், தெரிந்தே மீறுவதற்கும் அதற்குத் துணைபோவதற்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அடுத்த ஆல்பம் வரும்போது கோப்பு வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். வெளியான அன்று, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைஃபையில், தரத்தை உயர்த்தி வைத்துப் பாட்டுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, வயர் உள்ள ஹெட்ஃபோனை மாட்டி, முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். மழை நாளில் தகரக் கூரை வீட்டில் வேண்டாம், மழை விடட்டும்.

இப்படிக்கு,
ஓர் இசை ரசிகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.