கரிசல்ல போட்ட தக்காளி

அன்புள்ள மாப்ள,

பதில் போட இம்புட்டு நாளாயிட்டு, கோவிச்சுக்காத. வீட்டுல எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா? வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டாயம் வாரேன், பெரியவர் பஞ்சாயத்தை அங்க வச்சுப் பேசிக்கிடலாம். இப்ப உன் தோட்டத்து விஷயத்துக்கு வாரேன். நீ அனுப்பின படத்தைப் பாத்ததுலேருந்து மனசு அதுலயேதான் கெடக்கு.

தக்காளி இலை ஓரமெல்லாம் கருகியிருக்கு. பாத்தி மேல வெள்ளையாப் பூத்திருக்கு. நீ தண்ணி பத்தலைன்னு தினமும் மத்தியானம் இன்னொரு குடம் ஊத்துற. மாப்ள, அது உப்பு. கோவில்பட்டியச் சுத்தி நிறைய போர்த் தண்ணி உவர்தான். கொஞ்சம் கொஞ்சமா தினமும் ஊத்தினா ஈரம் நாலு விரக்கடைக்குக் கீழ இறங்காது. வெயில் தண்ணிய மட்டும் உறிஞ்சிக்கிடும், உப்பு வேர்கிட்டயே தங்கிரும். சாயங்காலமா நாலஞ்சு நாளைக்கு ஒருக்க, ஒரு முழம் ஆழம் நனையுற மாதிரி நின்னு பாய்ச்சு. அப்பத்தான் உப்பு வேருக்குக் கீழ இறங்கும். மறுபடி ஊத்துறதுக்கு முன்னால விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. மேல காஞ்சு உள்ள ஈரமிருந்தா ஊத்தாத. உன் கரிசல் மண்ணு தண்ணிய லேசுல விடாது, வேர் மூச்சு முட்டி அழுகிரும்.

பூ உதிருதுன்னு எழுதியிருந்த. அதுக்கு எந்த மருந்தும் வாங்காத, கடைக்காரன் என்ன சொன்னாலும் சரி. பகல்ல 35 டிகிரிக்கு மேல போயி, ராத்திரியும் புழுங்குச்சுன்னா தக்காளி மகரந்தம் செத்துரும், காய் பிடிக்காது. சித்திரையில கோவில்பட்டியில தக்காளிக்கு ஆசைப்படுறதே தப்பு. புரட்டாசியில நாத்து விட்டு, 25, 30 நாள்ல ஐப்பசியில நடு. மார்கழிப் பனியில காய்க்கும் பாரு! இப்போதைக்குக் கொத்தவரையும் தட்டப்பயறும் போடு. ரெண்டும் வெயிலையும் உவரையும் தாங்கும். பீன்ஸ் பக்கம் போயிராத, உப்புத் தண்ணியில மொதல்ல சாகுறது அதுதான்.

வெடிப்புதான் எனக்குப் பெரிய கவலை. கரிசல் காஞ்சு பிளக்கையில சல்லிவேரையெல்லாம் அறுத்துரும், அடியில இருக்க ஈரமும் அந்தப் பிளவு வழியாவே போயிரும். மண்ணை வெறுமனே விடவே விடாத. கடலைத் தொலி, காஞ்ச சருகு, கரும்புச் சோகை, எது கிடைச்சாலும் நாலு அங்குலம் மூடாக்குப் போடு. தண்டை ஒட்டி மட்டும் ரெண்டு அங்குலம் இடம் விட்டுரு. காஞ்ச செத்தைக்குக் கரையான் வரும், அதனால கீழ ஒரு கை வேப்பம் புண்ணாக்கைத் தூவிட்டு மேல மூடு. ஈரக் கரிசலை மட்டும் கொத்திராத. கட்டி கட்டியாயி கல்லு மாதிரி இறுகிரும்.

அத்தைகிட்ட பழைய மண்பானை இருந்தா கேளு. பெயிண்டோ மெருகோ இல்லாத, அஞ்சு லிட்டர் பிடிக்கிற பானை. கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி நிரப்பி, கொசு போகாம மூடி வச்சுரு. பானையிலேருந்து ஒரு சாண் தள்ளிச் சுத்திவர நாலு சுரை விதை ஊனு. மண்ணு காயக் காயப் பானை தானாக் கசியும். உவர்த் தண்ணியில நாளாவட்டத்துல கசிவுக் கண்ணு அடைச்சுக்கிடும், அப்பப்பத் தோண்டி எடுத்துத் தேங்காநாரால தேய்ச்சுக் கழுவு.

செடிக்கு நிழல் வலை கட்டணும்னா, பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத வலை போதும். 75 வாங்கினா செடி நெடுநெடுன்னு ஓடும், காய்க்காது. ஏழடி ஒசரத்துல கட்டு, மேக்கால ஒரு மறைப்பு, மத்த பக்கம் காத்துக்குத் திறந்து கெடக்கட்டும்.

இப்ப வெட்டியிருக்க பள்ளப் பாத்தி கோடைக்குச் சரி. ஆனா ஐப்பசி அடைமழைக்கு அதே பள்ளம் செடியக் கொன்னுரும். புரட்டாசி முடியுமுன்ன அதை மேட்டுப் பாத்தியா மாத்திரணும். மாடித் தண்ணியையும் விட்டுராத: ஆயிரம் சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா, சிந்துனது போக 700 லிட்டராவது தேறும். அதை நாத்துக்குன்னு தனியா வை, முளைக்கிற விதைதான் உப்புக்கு ரொம்பப் பயப்படும்.

போர்த் தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு டி.டி.எஸ். பாத்து, அதான் ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு பாத்து, எண்ணை எழுதி அனுப்பு. ஆயிரத்தைந்நூறைத் தாண்டியிருந்தா நட வேண்டிய செடிப் பட்டியலையே மாத்தணும். உன் தோட்டத்துல சுருண்டு கெடக்குற வெண்டை இலையோட அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடு.

பிரியமுடன்,
உன் கடைசி பெஞ்சு மச்சான்