ஐ.டி.ஐ.யில் பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு

பையனுக்கு விண்ணப்பம் போடத்தான் அன்று அரசு ஐ.டி.ஐ.க்கு (தொழிற்பயிற்சி நிலையத்துக்கு) வந்திருந்தேன். உங்கள் மகளைச் சேர்க்க வந்த நீங்கள், "ஏனுங்க, பொம்பளைங்களுக்குத்தான் வயசு வரம்பே இல்லீங்களே, நீங்களும் போடலாமே" என்றீர்கள். சிரித்துவிட்டேன். நாற்பதைத் தாண்டியவள், எட்டாவதோடு நின்றவள், திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஆர்டர் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் வீடு.

நீங்கள் விடவில்லை. வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும், இரண்டு வருடம், பயிற்சிக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, என் விண்ணப்பத்தையும் நிரப்ப வைத்தீர்கள். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் என்னை "அம்மா" என்றார்கள், அப்புறம் "அக்கா" ஆனேன். (பதவி இறக்கமா உயர்வா தெரியவில்லை!) கணக்குத்தான் படுத்தியது. ஓம் விதி புரிய நாளானது. ஆனால் பைப் வளைப்பது, எர்த் குழி எடுப்பது, மெக்கர் என்ற கருவியை வைத்து, வயரில் கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷன் பார்ப்பது எல்லாம் கைக்குச் சட்டென்று வந்தன. துணியில் ஓட்டை தேடிய பழக்கம் வீணாகவில்லை.

இப்போது ஒரு ஒப்பந்ததாரரிடம் வீட்டு வயரிங் பார்க்கிறேன். பகலில் தனியாக இருக்கும் பெண்கள் என்னைத்தான் அனுப்பச் சொல்கிறார்கள்.

ரொம்ப நன்றி, அண்ணா. உங்கள் வீட்டில் வயரிங் வேலை ஏதும் இருந்தால் கூப்பிடுங்கள். கூலி வாங்க மாட்டேன். சாமான் செலவு மட்டும் உங்களுடையது.