அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மா, அண்ணி, பாப்பா நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே பனி. எதிர்வீட்டுப் பெரியவர் விடிவதற்குள் தன் வாசலோடு என் வாசலையும் வழித்து உப்புத் தூவிவிடுகிறார். கூப்பிடுவதுதான், மிஸ்டர் போட்டு அப்பா பெயரை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அதுதானே இருக்கிறது? வங்கி, ஆஸ்பத்திரி எங்கும் நான் அப்பாதான். நாம் வாய்விட்டுச் சொல்லாத பெயர்! அலுவலகத்தில் என் பெயரில் இரண்டெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பாடு இன்னும் மோசம். அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் குடும்பப்பெயராகிவிடும். சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள்.

குடியுரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் முடிய 90 நாள் இருக்கும்போதே மனுப் போடலாம். எனக்கு அந்த நாள் வந்தாயிற்று, இன்னும் போடவில்லை. ஆன்லைனில் கட்டணம் 710 டாலர், அதற்காகத் தள்ளிப்போடவில்லை. உறுதிமொழியில் பழைய நாட்டுப் பற்றை முற்றிலும் துறக்கிறேன் என்று கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அந்த வரியில்தான் நிற்கிறேன். அப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியருக்கு நம் அரசு கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வாங்க வேண்டும். ஓட்டு கிடையாது, ஆயுசுக்கும் வந்துபோகலாம். நம் வீட்டுக்கு வர அட்டை, அண்ணா.

சரி, நிலம். பக்கத்து வயலை என் பெயரில் கிரயம் பண்ண வேண்டாம். குடியுரிமை மாறாவிட்டாலும், வெளிநாட்டில் குடியிருப்பவன் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அண்ணி பெயரில் வாங்குங்கள். முன்பணத்தில் என் பங்கைச் சித்திரையில் அனுப்புகிறேன். வேலையெல்லாம் நன்றாகவே போகிறது. அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

பாகப்பிரிவினைக்குப் பவர் பத்திரத்தைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்புவேன். கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள், தவறினால் அபராதம். சர்வே எண், உட்பிரிவு இரண்டையும் பட்டாவைப் பார்த்து எழுதுங்கள். பட்டாவில் நான் இனிஷியலோடு இருப்பேன், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பத்திரத்திலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி