அத்தைக்கு: செவலையை யாரும் கொல்லவில்லை

அன்புள்ள அத்தைக்கு,

நேற்றுப் பொழுதோடு அப்பாவுக்குப் போன் செய்து, உங்கள் செவலைக் கோழி செத்ததற்குக் கிழக்குக் காட்டுக்காரரைக் காட்டி, "மருந்து வெச்சுத்தான் கொன்னிருக்கறான், பஞ்சாயத்துக் கூட்டிப்போடோணும்" என்று நீங்கள் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். உங்களிடம் நேரிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ஆசையாக வளர்த்த ஒரு கோழி செத்து மனசு ஆறாமல் கிடக்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், வெளியே சொல்லத்தான் வெட்கம். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் போடவில்லை, பயப்படாதீர்கள்.

விஷம் என்றால் இப்படி இருக்காதுங்க. பூச்சிமருந்து தின்ற கோழிக்கு வாயில் எச்சில் வடியும், கால் பின்னும், இழுப்பு வரும். பெரும்பாலும் அன்றைக்கே கதை முடிந்துவிடும். எலிமருந்தில் சிலது நாலைந்து நாள் இழுக்கும், அதிலும் உள்ளே ரத்தம் கசிந்துதான் சாகும். செவலை அப்படியா போனாள்? ஆடி நோம்பிக்கு முன்னாலேயே முட்டை நின்றுவிட்டது. அப்புறம் கொண்டை வெளுத்தது. பின்வயிறு இறங்கி, தொட்டால் கொளகொளவென்று ஆனது, காலை அகட்டி அகட்டி நடந்தாள். புரட்டாசி பிறந்தும் இருந்தாள். இத்தனை வாரம் பொறுமையாகக் கொல்லுகிற மருந்தைக் கிழக்குக் காட்டுக்காரர் எந்தக் கடையில் வாங்கியிருப்பார்? கிளுவை வேலியில் நுழைந்து அவருடைய வெங்காயப் பாத்தியைக் கிளறியது செவலை மட்டுமா? உங்கள் மற்ற பெட்டைகள் இன்றைக்கும் அங்கேதான் மேய்கின்றன. அந்த மனுஷன் மண்ணாங்கட்டியை எடுத்து வீசுவதோடு சரி.

கோழிகளுக்குக் கொள்ளைநோயாக வரும் வெள்ளைக்கழிச்சலும் இல்லை. அது வந்தால் ஒன்றோடு நிற்காது, பஞ்சாரத்தையே காலி செய்துவிட்டுப் போகும். கழுத்துத் திருகும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். நம் வீட்டில் அதைப் பார்க்காதவர்கள் யார்?

மிச்சம் இருப்பது உடம்புக்குள்தான். பெட்டைக்கோழிக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும், வலது பக்கம் வளராமலே நின்றுவிடும். அந்த ஒன்றிலிருந்து இறங்குகிற மஞ்சள் கரு, முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்துவிட்டால் அங்கேயே கெட்டுச் சீழ் பிடிக்கும், நீர் கோக்கும். சினைப்பையில் புற்றுக்கட்டியும் வரும். பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் முட்டைக்கோழியை வைத்து ஆராய்வதே, அதற்கும் அந்த நோய் தானாக வருகிறது என்பதால்தான். ஈரல் கெட்டும் இருக்கலாம். இதில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "அறுத்துப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரும் அதைத்தானே சொன்னார். ஐஸ் கட்டிக்கு நடுவில், உறைந்து போகாமல் வைத்து, அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். நீங்கள் "அவளக் கீற வேண்டாஞ் சாமி" என்று தென்னை மரத்தடியில் குழி தோண்டச் சொல்லிவிட்டீர்கள். அது உங்கள் முடிவு, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காரணம் தெரிய வேண்டாம் என்று மூடிய பிறகு, அந்தக் காரணத்துக்கு ஓர் ஆளைப் பிடித்து நிறுத்துவது நியாயமில்லை அத்தை.

"முன்னமே பாக்காம வுட்டுட்டனே" என்றும் சொன்னீர்களாம். கோழி காட்டிக்கொள்ளாது. நோஞ்சான் என்று தெரிந்தால் கூட இருக்கும் கோழிகளே கொத்தும், பருந்தும் குறி வைக்கும். அதனால் முடிகிற வரை மறைக்கும். கம்பு இறைத்தால் மற்றவற்றோடு ஓடி வந்து தலையைக் குனிந்து குனிந்து நிமிரும், ஒரு மணி உள்ளே போயிருக்காது. ராத்திரி அடைந்த பிறகு கழுத்தடி இரைப்பையைத் தடவி, அது வெறுமையாக இருப்பதைக் கண்டுபிடித்ததே நீங்கள்தான். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து உருட்டி ஊட்டினீர்கள். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தும் தவறவில்லை. பிழைத்தால் மாகாளியம்மனுக்குச் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொள்ளவும் செய்தீர்கள். (அந்தச் சேவல் ஒன்றுக்கு மட்டும் இதில் வருத்தம் இருக்காது.)

வளவுக்குள் சிரிக்கிறார்களாம். "பள்ளிபாளையம் சிக்கன் வறுக்கறவ, கோழிக்கு அழுவறா பாரு." நாமக்கல்லில் தினம் கோடிக்கணக்கில் முட்டை, பல்லடம் பக்கம் ஷெட்டு ஷெட்டாகக் கறிக்கோழி என்று இருக்கிற சீமையில் இது சிரிப்பாகத்தான் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். கறிக்கு வளர்த்தது வேறு. விடியக்காலம் நீங்கள் அரிசி களையும்போது அடுப்படிக்குள் வந்து உங்கள் மெட்டியைக் கொத்திப் பார்த்தது வேறு. பஞ்சாரம் வேண்டாமென்று திண்ணை ஆட்டுரல் மேல் ஏறித்தானே படுப்பாள்? கிடாக்குட்டிக்குக் கையால் தழை ஊட்டி வளர்த்து, கருப்பணசாமிக்கு வெட்டிய அன்று ராத்திரி அப்பாரு சோறு இறங்காமல் படுத்தார். அவரைப் பார்த்து யாரும் சிரித்ததாக நான் கேட்டதில்லை.

மற்றப் பெட்டைகளுக்குக் கழிச்சல் ஊசி போட்டாயிற்றா? செவலைக்கு வந்தது அதுவல்ல என்றாலும், போட்டுவிடுவது நல்லது. குஞ்சுகளுக்கு 8 வாரம் ஆகிவிட்டால் றெக்கையடியில் போடலாம். இன்னொன்றும் இதேபோல் சோர்ந்து செத்தால் மட்டும் புதைக்காமல் எனக்குப் போன் செய்யுங்கள், நாமக்கல்லுக்கு நானே கொண்டுபோகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கிழக்கு வேலி ஓட்டையில் கிளுவைப் போத்து நட்டு அடைத்துவிடலாம், அவரையும் ஒரு கை பிடிக்கக் கூப்பிடுங்கள். எனக்கென்று கோழி அடித்து வைக்காதீர்கள், அரிசிம்பருப்பே போதும்.

உங்கள் மருமகன்