வேகமாகச் சுற்றினால் வேகமாகப் பறக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில், வீட்டிலேயே கட்டும் சிறு விமானங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் பேரன் வாசித்துக் காட்டினான். நல்ல கட்டுரைதான். ஆனால் "காற்றாடி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வேகமாக விமானம் பறக்கும்" என்ற ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் விமானம் கட்டியவன் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவன். ஆனாலும் காற்றைத் தள்ளுகிற தகடு எங்கே இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான்.

ஒரு மழைக்காலத்தில் கொழுந்து வாட நேரமாகிறது என்று தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத்துரை அவசரப்படுத்தினார். வாட்டும் தொட்டியின் மின்விசிறி மோட்டாரில் இருந்த 6 அங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டு 7 அங்குலம் போட்டோம். விசிறியின் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் விசிறி கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஏழின் கனத்தை (7×7×7) ஆறின் கனத்தால் (6×6×6) வகுத்துப் பாருங்கள், 1.6 அளவில் வரும். மோட்டாருக்கு அது தாங்கவில்லை. விடியப் போகும் நேரத்தில் வைண்டிங் கருகிய வாடை மேல்மாடி முழுக்க அடித்தது. பேச்சு வாங்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

விமானக் காற்றாடிக்கும் இதே கணக்குத்தான். அதற்கு மேல் இன்னொரு தடையும் உண்டு. 1.8 மீட்டர் விட்டமுள்ள காற்றாடியின் நுனி ஒரு சுற்றில் 5.65 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 2,700 சுற்று என்றால் விநாடிக்கு 254 மீட்டர். அதையே 3,600 சுற்றுக்கு முடுக்கினால் 339 மீட்டர், கிட்டத்தட்ட ஒலியின் வேகம். அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே நுனியில் அதிர்வலை கிளம்பி, எஞ்சினின் சக்தி இழுவையாகவும் காதைப் பிளக்கும் சத்தமாகவும் வீணாகிவிடும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமும் குறைவு என்பதால் எங்கள் மலைப் பக்கத்தில் இந்த எல்லை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும்.

சரி, அப்படியானால் விமானத்தின் வேகத்தை எது தீர்மானிக்கிறது? பிட்ச். அதாவது காற்றாடி ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம். போல்ட்டை ஒரு சுற்றுத் திருகினால் ஒரு புரி முன்னேறுகிறதல்லவா, அதுபோல. 50 அங்குல பிட்ச் உள்ள காற்றாடி 2,700 சுற்றில் மணிக்கு சுமார் 206 கிலோமீட்டர் கணக்குக் காட்டும். 60 அங்குலம் என்றால் அதே 2,700 சுற்றில் 247. நேர்பறப்பில் விமானத்தின் வேகமும், எஞ்சினுக்கு வலு இருந்தால், ஏறக்குறைய இந்தக் கணக்கை ஒட்டித்தான் அமையும். சுற்று ஒன்று, வேகம் இரண்டு.

50 அங்குலக்காரர் இன்னும் வேகமாகப் போகப் பார்த்தால் என்ன ஆகும்? சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை, அதாவது எஞ்சினின் உச்ச எல்லையைத் தொட்டுவிடும். எஞ்சினில் இன்னும் வலு இருந்தும் எரிபொருளைக் குறைக்க வேண்டியதுதான். கினிகத்தேனை ஏற்றத்துக்கு ஏற்ற கியரிலேயே கொழும்பு ரோட்டிலும் பஸ்ஸை ஓட்டுவதுபோல. பிட்ச் கூடிய காற்றாடிக்காரருக்கு எதிர்ப்பக்கத் தொல்லை: புறப்படும்போது எஞ்சின் முழுச் சுற்றுக்கு எழும்பாது, எழும்பாத எஞ்சின் முழுச் சக்தியும் தராது, ஓடுபாதை நீளும். நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். அங்கே எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், தகட்டுக்கும் பிடிமானம் குறையும். வீட்டில் கட்டும் விமானங்கள் பலவற்றில் பிட்ச் மாற்ற முடியாத காற்றாடிதான் இருக்கிறது. ஏறுவதற்கா, தூரம் போவதற்கா என்று கட்டுகிறவர் முதலிலேயே முடிவுசெய்து வாங்க வேண்டும்.

பிட்ச் மாற்றக்கூடியதை நாங்கள் நேரிலேயே பார்த்திருக்கிறோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் வந்து இறங்கிய நாட்களில், அது தண்ணீரை விட்டுக் கிளம்பும்போது மலை முழுக்க ஒரே இரைச்சல். மேலே போனதும் சத்தம் தணியும். அந்த செஸ்னா கரவானின் காற்றாடி புறப்படும்போது 1,900 சுற்று. நேர்பறப்பில் விமானி அதை 1,600 வரைக்கும் இறக்கிக்கொள்ளலாம், தகடுகள் கோணத்தை, அதாவது பிட்ச்சை, கூட்டிக்கொள்ளும். சுற்று குறைகிறது, விமானமோ புறப்பட்டதைவிட வேகமாகப் போகிறது. அந்த ஒரு வரியை எழுதியவர் இதை ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

சிறு விமானங்களில் பூட்டும் ரோடாக்ஸ் 912 வகையில் 100 குதிரைவலு எஞ்சினும் காற்றாடியை மெதுவாகத்தான் சுற்றுகிறது. எஞ்சின் 5,500 சுற்றில் ஓட, 2.43க்கு ஒன்று என்ற பல்சக்கரப் பெட்டி காற்றாடியை 2,260 அளவில்தான் சுற்ற விடுகிறது. பெரிய காற்றாடி நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும்போது விரயம் குறைவு. 1903இல் ரைட் சகோதரர்களும் 12 குதிரைவலு எஞ்சினிலிருந்து சங்கிலி போட்டு, எட்டரை அடிக் காற்றாடிகள் இரண்டை நிமிடத்துக்கு 350 சுற்று அளவில்தான் சுற்றவிட்டார்கள். ஆனால் மெதுவாகச் சுற்றுவதே எப்போதும் மேல் என்றும் எழுதிவிடாதீர்கள். வேகமான, ஒல்லியான விமானத்தில் அந்த லாபம் சுருங்கிவிடும். பெரிய காற்றாடிக்குச் சக்கரக் கால்களை உயர்த்த வேண்டும், பெட்டியின் பாரம் வேறு. கார் எஞ்சினுக்குத் தாங்களே பெல்ட்டோ பல்சக்கரமோ பூட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாலு சிலிண்டர் எஞ்சின் தண்டை ஒரே சீராகத் திருப்புவதில்லை, விட்டு விட்டு உதைக்கிறது. அந்த உதை காற்றாடியின் பாரத்தோடு தாளம் சேர்ந்தால் பல் உடையும். இதெல்லாம் தெரிந்துதான் வோக்ஸ்வேகன் எஞ்சினைப் பெட்டியே இல்லாமல் நேரடியாகப் பூட்டி, சின்னக் காற்றாடியை 3,000க்கு மேல் சுற்றவிட்டுப் பறப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வரியை மட்டும் திருத்திப் போட்டால் நல்லது. அப்புறம், படத்தில் இருந்த விமானத்தின் காற்றாடி எத்தனை அங்குல விட்டம், எத்தனை பிட்ச் என்று கட்டுரையாளரிடம் கேட்டு எழுதுங்கள். பேரன் கொப்பியில் கோடு போட்டு, மற்றக் கணக்கெல்லாம் முடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெக்டரி பிட்டர்,
டிக்கோயா.