பேச்சை வெட்டிய பாட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாத்திரையை மட்டும் நான் எடுத்து நீட்டினால்தான் போடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில், புதுப் படங்களில் பழைய பாட்டுகளைப் போடுவதைப் பற்றி, "புதுசா மெட்டுப் போட ஆளில்லாம பழைய பாட்டையே சுரண்டித் திங்கிறாங்க" என்றாயே, எனக்கு அப்போது பதில் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜாதான். வத்தலக்குண்டில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் நம் ரெக்கார்டிங் கடையில் அந்த மாதம் முழுக்க 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'தான். பதிவது அப்பா, அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுவது நான். பத்துப் பேர் பாட்டுச் சீட்டு கொடுத்தால் ஒன்றிலோ இரண்டிலோதான் 'குணா'வின் 'கண்மணி அன்போடு' இருக்கும். அதிலும் ஒருவர், "நடுவுல பேசுறதெல்லாம் வேணாம், பாட்டை மட்டும் போடுங்க" என்று கண்டிஷன் போட்டார். உங்க அப்பாவும் சரி என்று உட்கார்ந்து, கமல் பேச வாயெடுக்கும்போதெல்லாம் பாஸ் பட்டனை அமுக்கி அமுக்கி எடுத்தார். குணா சொல்லச் சொல்ல அபிராமி கடிதம் எழுதுகிறாள், அவன் பேசியதையே பாட்டாக்கித் திருப்பிப் படிக்கிறாள். அதில் பேச்சை எடுத்தால் என்ன மிஞ்சும்? போனில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. மறுநாளே கேசட் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. காசையும் திருப்பிக் கொடுத்தோம்.

நீ காலேஜ் ஆண்டு விழாவில் 'பொன்மகள் வந்தாள்' ஆடினாயே, அது 2007இல் 'அழகிய தமிழ் மகன்' படத்துக்கு ரஹ்மான் செய்த ரீமிக்ஸ். 1970இல் 'சொர்க்கம்' படத்தில் எம்.எஸ்.வி. இசையில் டி.எம்.எஸ். பாடியது அப்பாவின் உயிர். "கொன்னுட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அடுத்த வாரம் "அப்பா, அந்தப் பழசைப் போடுங்களேன்" என்று கேட்டது யார்? நீதானே.

'விக்ரம்' வந்தபோது அதில் போட்ட 'சக்கு சக்கு வத்திக்குச்சி'யைப் பேரன்கூடப் பாடினான். 1995இல் வந்த 'அசுரன்' படத்துப் பாட்டு, ஆதித்யன் இசை. மனுஷன் 2017இலேயே போய்விட்டார். பாட்டு ஊரெல்லாம் கேட்டது 2022இல். இதை நினைத்தால் மட்டும் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

ஹீரோ நடந்து வரும்போது கைதட்டுக்காகப் பழைய பாட்டைப் போடுகிறார்களே, அதை நீ சுரண்டல் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் 2024இல் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அப்படியா? கொச்சிப் பக்கத்துப் பையன்கள் 2006இல் நம் தலைக்கு மேலே கொடைக்கானலுக்கு வந்து, ஒருவன் 'குணா' படம் எடுத்த குணா குகைக் குழியில் விழ, இன்னொருவன் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்த நிஜக் கதை. அவர்கள் இருவரும் மேலே வரும்போது அந்தக் 'கண்மணி அன்போடு' பாட்டு எழும்புகிறது. மனிதர்களுக்குப் புரிகிற காதல் இல்லை இது என்று வாலி எழுதியது ஒரு பித்தனின் காதலுக்கு. அதைச் சேறும் ரத்தமுமாக வரும் இரண்டு சிநேகிதர்களுக்கு ஆக்கிவிட்டார்கள், வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல். முப்பது வருஷம் கேட்ட எனக்கு அந்த வரிக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று தோன்றியதே இல்லை. தியேட்டரில் ஒரே விசில். பக்கத்தில் திரும்பினால் உங்க அப்பாவின் கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியை அமுக்கிக்கொண்டிருக்கிறது, பாஸ் பட்டன் மாதிரி.

அப்புறம் அந்த மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து படக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. "கேட்டுட்டுத்தானே போடணும்?" என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடை நடத்திய அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரைக் கேட்டுப் பதிவு செய்தோம்? நீ படித்த ஃபீஸில் பாதி அந்தக் காசுதான்.

பரண் துடைத்தபோது அந்தத் திரும்பி வந்த கேசட் கிடைத்தது. அட்டையில் என் கையெழுத்து, நீல மை. அதிரசத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். போட்டுக் கேட்க உன்னிடம் டெக் இல்லை, தெரியும். இங்கேயும் இல்லை.

அன்புடன்,
அம்மா